இரண்டு முறை கழித்த அங்குலம்

அந்தப் பலகை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் கத்துகிற இடம் வரும்போது, இந்தப் பொம்பளைக்கு எதற்கு இத்தனை ஆங்காரம் என்று யாரும் கேட்கக் கூடாது.

நாலுக்கு நாலடி, அரை அங்குல கனம். ஒரு வெடிப்பு கிடையாது, ஓரத்தில் ஒரு செதில் பெயர்ந்தது கிடையாது. எங்கள் பட்டறையின் பின்சுவரில் நாலு வருடமாகச் சாய்த்து வைத்திருந்தேன். அதன் பின்னால் காகிதத்தில் சுற்றி இரண்டு ஜோடி சேனல். இழுப்பறை வழுக்கி வெளியே வருவதற்கு இரண்டு பக்கமும் பொருத்துகிற இரும்புத் தண்டவாளம்தான் சேனல். பலகையின் மேல் பென்சிலால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: என் அடுப்படிக்கு. தொடாதே.

நானும் என் வீட்டுக்காரரும் தச்சு வேலை செய்கிறவர்கள். சமையலறை அலமாரிகள்தான் எங்கள் பிழைப்பு. அவர் வீடு வீடாகப் போய் அளவெடுப்பார். நான் பட்டறையில் அறுத்து, இழைத்து, பூட்டி முடிப்பேன். வெளியே அவருக்கு அளவுக்காரர் என்று பேர். எனக்கு ஒரு பேரும் கிடையாது. பட்டறைக்கு வருகிறவர்கள் ரம்பத்தூளோடு நிற்கிற என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் இல்லையாம்மா? சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார்கள்.

நூறு வீட்டுக்கு மேல் செய்தாகிவிட்டது. சட்டிக்கு ஓர் அறை, மூடிக்கு ஓர் அறை, விரலால் தொட்டால் ஓடி வருகிற மாதிரி. என் வீட்டில்? மேடைக்கு அடியில் ஒரே ஒரு தட்டுப்பலகை. அதன்மேல் ஒன்பது பாத்திரம், ஒன்றின்மேல் ஒன்று. எனக்கு வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும். குனிந்து, உட்கார்ந்து, எட்டையும் இறக்கி, அதை எடுத்து, எட்டையும் திருப்பி ஏற்ற வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைப்பார்கள். சில நாள் சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தேன். பின்சுவர் மொட்டையாக இருந்தது.

"பலகை எங்க?" என்றேன்.

"எந்தப் பலகை?" என்றார்.

எந்தப் பலகையாம்! வீட்டில் பெண்டாட்டி எங்கே என்றால், எந்தப் பெண்டாட்டி என்று கேட்பது மாதிரி.

"அதான், தொடாதேன்னு எழுதி வெச்சிருந்தேனே. அதைத்தான் கேக்கறேன்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். "அக்காவுக்கு எடுத்தேன். நேத்து சாயந்தரமே இறக்கி அறுக்கற மேஜைக்குக் கீழ வெச்சுட்டேன். கோவிச்சுக்காத. ஞாயித்துக்கிழமை அவன் வர்றான்."

அவன் என்றால் அவருடைய அக்கா மகன். விஷயம் இதுதான். என் நாத்தனார் தனியாக இருக்கிறாள். வீட்டிலேயே கடலை வறுத்துப் பொட்டலம் போட்டு எட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். போன வருடம் படியில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பெரிய இரும்புச் சட்டியைத் தரையிலிருந்து தூக்கும்போது நழுவிக் காலில் போட்டுக்கொண்டாள். கட்டைவிரல் நகம் போயிற்று. மகனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிடு என்று நிற்கிறான். அவளோ செத்தாலும் வரமாட்டேன் என்கிறாள். மருமகளின் சமையலறையில் ஒரு டம்ளரைக் கழுவி வைப்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டுமாம்.

கடைசியில் அவன் ஒரு நிபந்தனை வைத்தானாம். ஞாயிற்றுக்கிழமை வருவேன். என் கண் முன்னால், யாரும் கை கொடுக்காமல், அந்தப் பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைத்துக் காட்டு. காட்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியவில்லை என்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்டு.

"அதான் இழுப்பறை வெச்ச அலமாரி ஒண்ணு செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டேன்," என்றார். "எடை தாங்கணும்ல? நல்ல பலகை வேணும்."

"சொல்லிட்டீங்க."

"ம்."

"செய்யப்போறது யாரு?"

அவர் சிரித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. நான் கத்தினால் திருப்பிக் கத்த மாட்டார், சிரிப்பார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக என் பலகையை எடுத்துத் தன் அக்காவுக்குக் கொடுப்பாராம், செய்வதும் நானாம், கோபப்படவும் கூடாதாம். நல்லா இருக்கு நியாயம்!

அதுவும் யாருக்கு? எனக்குக் கல்யாணமான புதிதில், வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, "என் தம்பி பொண்டாட்டி கட்டல, வேலைக்கு ஆள் எடுத்திருக்கான்" என்று சொன்ன புண்ணியவதிக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இருபத்து மூன்று வருடமாக அந்தச் சிரிப்பு எனக்குத் தொண்டையிலேயே நிற்கிறது. அவள் வீட்டில் நான் செய்த முக்காலியும் கட்டிலும் இருக்கின்றன. வருகிறவர்களிடம் எல்லாம், "என் தம்பி செஞ்சது" என்றுதான் சொல்வாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. கேக்காம எடுத்தீங்க பாருங்க, அது திருட்டு," என்றேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவரும் இந்த முறை சிரிக்கவில்லை. திருட்டு என்ற சொல் அவருக்குச் சுட்டுவிட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே எங்கள் வேலை நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். இழுப்பறையின் அகலம் அதைத் தாங்குகிற வெளிக்கூட்டின் உள்ளகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் சேனலுக்குப் போய்விடும். அவர் அளவை ஒரு துண்டுப் பலகையில் எழுதி அறுக்கும் மேஜையில் வைப்பார். அந்த ஓர் அங்குலத்தைச் சில நாள் அவரே கழித்து எழுதுவார், அவசரத்தில் சில நாள் கழிக்காமல் எழுதுவார். அதைப் பலகையில் எழுதுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வைக்கும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்வார். "கழிச்சாச்சு" என்பார், அல்லது "கழிக்கல" என்பார். அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடமாக அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது.

நாத்தனார் வீட்டில் சுவர் கோணல் என்பதால் வெளிக்கூட்டை அவரே அங்கே போய்ப் பழைய மரத்தில் அடித்தார். புதன்கிழமை மாலையில் வந்தார், துண்டுப் பலகையை மேஜையில் வைத்தார், ஒன்றும் பேசாமல் கை கழுவப் போய்விட்டார்.

பார்த்தேன். இரண்டு இழுப்பறை. அகலம் பத்தொன்பது.

கழித்ததா, கழிக்காததா? வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நொடி. கேட்க மனம் வரவில்லை. பேச்சை நிறுத்தியவள் நான், முதலில் பேசினால் தோற்றது நான் என்று ஆகிவிடும். யோசித்தேன். அக்கா வேலை, தலைதெறிக்க ஓடிப்போய் அளந்திருப்பார், கழித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். ஓர் அங்குலத்தைக் கழித்தேன். பதினெட்டுக்கு அறுத்தேன்.

கோபத்தோடு அறுத்தேன் என்பதற்காக மோசமாக அறுத்தேன் என்று நினைக்காதீர்கள். என் பலகை அது. ரம்பம் அதில் இறங்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மூலைகளைப் பல் போட்டுக் கோத்து, பசை வைத்து, இறுக்கி, உப்புத்தாள் தேய்த்து வழவழவென்று செய்தேன். நாத்தனாருக்காக இல்லை. என் கையிலிருந்து கோணலாக ஒன்று வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் போயிருக்கவே மாட்டேன். இழுப்பறைகள் இரண்டையும் ஒருவராகத் தூக்கி மாடிப்படி ஏற்ற முடியாது என்பதால் போனேன். வண்டியிலும் பேசவில்லை.

நாத்தனாரின் சமையலறை அகலம் குறைந்தது. இடது பக்கம் அடுப்பு மேடை, வலது பக்கம் சுவர், மேடைக்குக் கீழே அவர் அடித்த கூடு, முன்னால் ஒரு கதவோடு. சட்டிகள் எல்லாம் தரையில் சுவரோரமாக வரிசையாக இருந்தன. தரையில் சுவரிலிருந்து அடுப்பு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தது.

"வாம்மா," என்றாள் நாத்தனார். "தம்பி சொன்னான், ரெண்டு நாள்ல முடிச்சுட்டேன்னு."

முடிச்சுட்டேன்னு. பாருங்கள், நான் எங்கேயாவது இருக்கிறேனா அந்தப் பேச்சில்?

வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தேன். அவர் ஒரு பக்கம் பிடித்தார். இழுப்பறையைக் கூட்டுக்குள் தள்ளினோம். அது சேனலைத் தொடாமல் உள்ளே போய் அடியில் 'தொம்' என்று விழுந்தது. இரண்டு பக்கமும் விரல் விட்டு ஆட்டலாம் போல இடைவெளி.

நாலு நாள் பேசாமல் இருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எவ்வளவுக்கு அறுத்த?"

"பதினெட்டு."

"பத்தொம்பதுன்னு எழுதியிருந்தேனே!"

"கழிச்சேன்."

"நான்தான் கழிச்சுட்டேனே!"

"நீங்க கழிச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொன்னீங்களா?"

"நீ கோவத்துல இருக்க, எழுதினதை அப்படியே அறுத்துத் தள்ளிடுவன்னு நான் கழிச்சு எழுதினேன்."

"நீங்க அக்கா அக்கான்னு ஓடினதுல கழிச்சிருக்க மாட்டீங்கன்னு நான் கழிச்சேன்."

"யாரு உன்னைக் கழிக்கச் சொன்னா?"

"யாரு உங்களைக் கழிக்கச் சொன்னா?"

"என்னடா கழிச்சீங்க ரெண்டு பேரும்?" என்றாள் நாத்தனார் நடுவில் நின்று.

"பேசாம இரு அக்கா!" என்று அவர் கத்தினார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இந்த மனுஷருக்குக் கத்தத் தெரியுமா! உடனே தணிந்துவிட்டார். "ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் துண்டு வெச்சு அடைச்சு, அதுமேல சேனலை அடிச்சுடலாம். கண்ணுக்கே தெரியாது."

அடைத்தார். சேனல் பொருந்தியது, இழுப்பறை ஓடியது. நாத்தனார் முகம் மலர்ந்தது. "பெரிய சட்டியை வெச்சுப் பாருடா," என்றாள். அவர் சட்டியைத் தூக்கி உள்ளே இறக்கினார். இறங்கவில்லை. சட்டிக்கு இரண்டு பக்கமும் காது. ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பதினேழரை அங்குலம். இழுப்பறைக்குள் இருந்தது பதினேழு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"திருப்பி வெச்சாப் போச்சு," என்றார். காதுகள் முன்னும் பின்னுமாக வரும்படி சட்டியைத் திருப்பினார். உட்கார்ந்துவிட்டது. "பார்த்தியா, அவ்வளவுதான். இப்ப எடு அக்கா."

நாத்தனார் குனிந்தாள். முன்காதை இடது கையால் பிடித்தாள். பின்காது மேடைக்கு அடியில், இழுப்பறையின் கோடியில் இருந்தது. வலது கையை நீட்டினாள். மடங்காத விரல்கள் அந்த இரும்பில் 'டக் டக்' என்று பட்டனவே தவிரப் பிடிக்கவில்லை. இன்னும் குனிந்தாள். சட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மறுபடி விழுந்தது. அவள் நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  

"நாளைக்குக் காலையில வந்துடுவானேடா," என்றாள் பிறகு.

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எனக்கு எரிச்சலை மூட்டியது. இவளுக்காகவா நான் பாவப்பட வேண்டும்?

"இத்தனை நாளா எப்படித் தூக்கறீங்க? காட்டுங்க," என்றேன். அதட்டித்தான் கேட்டேன்.

காட்டினாள். காலால் சட்டியைச் சுவரோரத்திலிருந்து அடுப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். தரையில் அந்தக் கறுப்புக் கோடு எப்படி வந்தது என்று புரிந்தது. பிறகு தரையில் உட்கார்ந்தாள். இடது கையால் ஒரு காதைப் பிடித்தாள். வலது மணிக்கட்டை மறு காதுக்கு அடியில் கொக்கி மாதிரி நுழைத்தாள். சட்டியை மடியில் ஏற்றி, முழங்காலில் நின்று, மேடையில் நெஞ்சைச் சாய்த்து எழுந்தாள். அறுபத்தைந்து வயதில், ஒரு நாளைக்கு இரண்டு முறை.

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "சுவரை அளந்தீங்க. கூட்டை அளந்தீங்க. இவங்க எப்படித் தூக்கறாங்கன்னு ஒரு தடவை பார்த்தீங்களா?"

"கனமானது கீழதானே வைப்போம்..."

"அது ரெண்டு கையும் விளங்கறவங்களுக்கு! இவங்களுக்குக் காது ரெண்டு பக்கமும் இருக்கணும். குனியவே கூடாது. இந்தக் கதவு வேற எதுக்கு? ஒரு கையில கதவைப் பிடிச்சுக்கிட்டு எந்தக் கையில இழுப்பாங்க? இந்தக் குமிழ் எதுக்கு? எந்த விரலால பிடிப்பாங்க? அளவுக்காரராம் அளவுக்காரர்! இதுக்கா என் பலகையைத் திருடினீங்க?"

"எந்தப் பலகை?" என்றாள் நாத்தனார்.

சொன்னேன். நாலு வருடம், பின்சுவர், தொடாதே, எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்த முடியவில்லை. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் வேலைக்கு ஆள் எடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். "ஆமா, வேலைக்காரிதான். உங்க தம்பி செஞ்சதுன்னு சொல்லி ஒரு முக்காலியில உக்கார்றீங்களே, அது இந்த வேலைக்காரி செஞ்சது. கட்டில் இந்த வேலைக்காரி செஞ்சது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனாரின் முகம் கறுத்துவிட்டது. அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், நான் ஒருத்திதான் என்று நினைக்காதீர்கள்.

"எனக்கு யார் வீட்டுப் பொருளும் வேணாம்," என்றாள். "இன்னொருத்தி அடுப்படில இருந்து பிடுங்கிக்கிட்டு வந்ததா இது? எடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும். நான் அவன்கூடவே போய்த் தொலையறேன்."

"அறுத்த பலகையை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்றது? ஒட்டி மறுபடி முழுசாக்கவா?"

"அடுப்புல போடு!"

"என் கையால செஞ்சது அடுப்புக்குப் போகாது! நாளைக்கு அவன் வந்து பார்த்துட்டு, தச்சு வேலைன்னு இதைச் செஞ்சு குடுத்தாங்களாம்னு சிரிப்பான். அவன் சிரிக்கறதுக்கா நான் நாலு நாள் வயிறெரிஞ்சு வேலை பார்த்தேன்? நகருங்க அந்தப் பக்கம்."

நாத்தனார் நகர்ந்தாள். அவளை நகரச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அவளை நிமிர்ந்து நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைக்கு நானே அளந்தேன். பெரிய சட்டி மேல் இழுப்பறைக்கு வர வேண்டும், மேடைக்கு நேர் கீழே. அங்கிருந்து அடுப்புக்கு ஒரு சாண் தூக்கினால் போதும். கதவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். குமிழைக் கழற்றினேன். பெரிய சட்டிக்கான இழுப்பறையைப் பிரித்து, பத்தொன்பதுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். பக்கப் பலகைகள் அப்படியே ஆகும். முன்னுக்கும் பின்னுக்கும் பட்டறையில் துண்டுகள் கிடந்தன. அடிப்பலகைதான் இல்லை. பத்தொன்பதுக்கு இருபது, எடை தாங்குகிற பலகை. மரக்கடை சனிக்கிழமை மதியத்தோடு சரி. மணி அப்போதே இரண்டு.

"துண்டு ரெண்டை ஒட்டிப் பார்க்கலாமா?" என்றார்.

"ஒட்டின இடத்துல சட்டி உக்காந்தா எத்தனை நாளைக்கு வரும்?"

வேறு முழுப் பலகைக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அப்படி ஒரு பலகை இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டுக்குப் போனேன். என் மேடைக்கு அடியிலிருந்து ஒன்பது பாத்திரத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எறிந்தேன். எடுத்து வைத்தேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தட்டுப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது வேணாம்," என்றார். "அது நம்ம..." என்று இழுத்தார்.

"நம்மளா? இப்ப மட்டும் நம்மளா?" என்றேன்.

பட்டறையில் அதன் எண்ணெய்ப் பிசுக்கை இழைத்து எடுத்தேன். உள்ளே நல்ல மரம், வாசனைகூட வந்தது. அறுத்தேன், கோத்தேன். முன்பக்கத்துக்கு ஒரு நீளக் கட்டையை, இரண்டு கோடியிலும் தாங்கு வைத்து, முழங்கை வரை பின்னால் நுழைகிற மாதிரி இடம் விட்டுப் பிடியாகப் பூட்டினேன். விரல் வேண்டாம், கையை நுழைத்து இழுத்தால் வரும். அவர் பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்தார், எடுக்கச் சொன்னதை எடுத்தார். வெயில் சாய்வதற்குள் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டோம். அடைத்த துண்டுகளை மேல் இழுப்பறைக்குப் பிடுங்கிவிட்டேன், கீழ் இழுப்பறைக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பொருத்தி முடித்ததும் நாத்தனார் சட்டியை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ஆறு முறை. நான் எண்ணினேன். நான் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகன் வந்தான். நாங்களும் இருந்தோம். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவை ஒரு பார்சல் மாதிரி பார்க்கிற பார்வை. கையோடு இரண்டு காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்பாள் என்று முடிவு பண்ணிக்கொண்டுதானே வந்திருக்கிறான்!

"சரிம்மா, காட்டு," என்றான்.

நாத்தனார் வலது கையைக் கட்டைக்குப் பின்னால் நுழைத்து இழுத்தாள். இழுப்பறை சத்தமில்லாமல் வந்தது. சட்டியின் காதுகள் இரண்டும் இரண்டு பக்கமும் அவளைப் பார்த்து நின்றன. இடது கையால் ஒன்றைப் பிடித்தாள். வலது மணிக்கட்டை மற்றதற்கு அடியில் கொடுத்தாள். தூக்கினாள். மேடை விளிம்புக்கு மேலே வந்ததும் வலது பக்கம் லேசாகச் சரிந்தது. மகன் "அம்மா!" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

"கையை எடு!" என்று போட்டேன் ஒரு சத்தம். கூடவே அவன் கையில் ஓர் அடியும் போட்டுவிட்டேன். "தொட்டியோ தெரியும் சேதி! யாரும் கை குடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீதானே?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். நாத்தனார் மூச்சைப் பிடித்து, மணிக்கட்டை இன்னும் உள்ளே தள்ளி, சட்டியை நேராக்கினாள். அடுப்பில் வைத்தாள். பிறகு இடது கையால் அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு படி கடலையைக் கொட்டி, கரண்டியை எடுத்து வறுக்கவே ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

மகன் இழுப்பறையை இழுத்துப் பார்த்தான், தள்ளினான், அடியில் தட்டினான். "இன்னொரு தடவை விழுந்தா?" என்றான்.

"விழுந்தா அப்ப வந்து பேசு," என்றாள். "பெட்டியை வெச்சுட்டுப் போ. பொட்டலம் அடுக்க ஆகும்."

அவன் பெருமூச்சு விட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதைச் சொல்ல வேண்டும். போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாமா, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றான்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"உன் மாமன் செய்யல," என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "அவன் அளந்தான், அதுவும் தப்பா. செஞ்சது உன் அத்தை. நீ இங்க வந்தா தூங்கற கட்டிலையும் அவதான் செஞ்சா." பிறகு என்னைப் பார்க்காமல், "கடலை எடுத்துட்டுப் போ. சூடா இருக்கு, துணியில கட்டிக்கோ," என்றாள்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவே வராது. எனக்கும் அது வேண்டாம். கடலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அரைப்படி இருக்கும். கொஞ்சம் கருகியிருந்தது.

வீட்டுக்கு வந்தோம். சமையலறைத் தரை முழுக்க என் ஒன்பது பாத்திரங்கள், எறிந்த இடத்திலேயே. மேடைக்கு அடியில் தட்டுப்பலகை இருந்த இடம் வெறும் ஓட்டையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் கொஞ்சம் இறங்கியிருந்த கோபம் திரும்பவும் தலைக்கு ஏறியது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தாகிவிட்டது. எனக்கு ஓட்டை.

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி அந்த ஓட்டைக்கு நீட்டினார்.

"வைங்க கீழே," என்றேன். "இந்த வீட்டுக்கு நீங்க அளக்க வேணாம். நான் அளக்கறேன். நாளைக்கு மரக்கடை திறந்ததும் பலகை வாங்கிட்டு வந்து நீங்க அறுக்கறீங்க. நீங்களே கோக்கறீங்க, நீங்களே தேய்க்கறீங்க. நான் தண்ணி கேப்பேன், கொண்டுவந்து குடுப்பீங்க."

நாடாவை என்னிடம் கொடுத்தார். நான் அளந்தேன். என்னுடைய பெரிய சட்டியைத் தரையிலிருந்து எடுத்து, அதன் காதுகளையும் சேர்த்து அளந்தேன். ஒரு துண்டுப் பலகையில் எண்ணை எழுதி, ஒரு வார்த்தை பேசாமல் அவர் முன்னால் தரையில் வைத்தேன். அவர் எப்படி வைப்பாரோ அப்படியே வைத்தேன்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார்.  பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார்.

"கழிச்சதா, கழிக்காததா?"

புதன்கிழமையே அவர் வாயைத் திறந்திருக்கலாம். புதன்கிழமையே நானும் கேட்டிருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு என் பலகையும் போய், என் தட்டுப்பலகையும் போய், ஒரு மனுஷி வீட்டைவிட்டே போக இருந்தாள்.

"கழிக்கல," என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.